ஊசி முனையில் ஒரு வருஷம்

மாங்காட்டில் அம்பிகை ஊசி முனையில் ஒற்றைக் காலை ஊன்றித் தவம் இயற்றினாள் என்பது ஐதீகம். அவளுக்குப் பரமசிவன் கிடைத்தார். அடியேனும் சென்ற தை மாதம் தொடங்கி மார்கழி முடிய ஒரு வருஷம் ஊசி முனையில் நின்றேன். எனக்குக் கிடைத்தவை வருமாறு: நான்கு தலையணை உறைகள், மூன்று பாவாடைகள், ஐந்து சட்டைகள், ஆறு ஷிம்மிகள், ஒரு கம்பளிச் சட்டை, இடது கை ஆள்காட்டி விரலில் எண்ணிறந்த துளைகள். இவற்றோடு கொஞ்சம் புத்தியும் கிடைத்தது. அந்தக் கடைசி வரவைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உத்தேசம்.

சென்ற வருஷம் போகிப் பண்டிகைக்கு வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தோம். பின்கட்டு அறையின் மூலையில், பழைய போர்வை ஒன்றைப் போர்த்துக்கொண்டு, அத்தையின் மிதி தையல் இயந்திரம் நின்றது. என் மாமியாரை நான் அத்தை என்றுதான் அழைப்பது வழக்கம். "இதையும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடலாமா?" என்று என் கணவர் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. அந்த இயந்திரம் ஓடி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

அத்தைக்கு வயது எழுபத்து நான்கு. கண் நீர் அழுத்த நோயினால் அவர் பார்வை போய்விட்டது. இந்த நோய் வலியோ அறிகுறியோ இல்லாமல் பூனை நடையாக வரும். இதில் போன பார்வை திரும்பி வருவதில்லை. காலத்தில் கண்டுகொண்டால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவே. நாற்பது வயதைத் தாண்டிய சகோதரிகள் ஒருமுறை கண் அழுத்தத்தைச் சோதித்துக்கொள்வது நல்லது என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன். அத்தைக்கு இப்போது வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் தெரியும்.

மகன் கேட்ட கேள்விக்கு அத்தை பதில் சொல்லவில்லை. எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே மூலைக்குப் போனார். போர்வையை விலக்கினார். இயந்திரத்தின் கைச்சக்கரத்தை முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"போட வேண்டாமுங்க" என்று என் வாயிலிருந்து வந்தது. "இந்த வருஷம் குழந்தைகளுக்குக் கடையிலே ஒரு துணி எடுக்கப் போறதில்லை. எல்லாம் நானே தைச்சுக்கிறேன்."

என் கணவர் சிரித்திருந்தால் நான் அந்தச் சபதத்தை அன்று மாலைக்குள் கைவிட்டிருப்பேன். அவர் சிரிக்கவில்லை. "சரி" என்று ஒரே வார்த்தை சொல்லி, புதுக் கணக்கு நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். அவர் பாங்கியில் உத்தியோகம் பார்ப்பவர்.

* * *

அதுவரை தையற்கலையில் எனக்கிருந்த பாண்டித்தியம் புடைவைக்கு ஓரம் அடிப்பது, அறுந்த கொக்கியை மறுபடி தைப்பது ஆகிய இரண்டோடு முடிந்தது. அத்தை பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். முதல் பாடத்துக்குத் துணியும் வேண்டியதில்லை, நூலும் வேண்டியதில்லை. கோடு போட்ட காகிதத்தை ஊசிக்கு அடியில் வைத்து, துளைகள் யாவும் கோட்டின் மேலேயே விழும்படி தைக்க வேண்டும். கைக்கு நேர் வழியும், காலுக்கு நிதானமும் இப்படித்தான் வருமாம். மிதி தவறிச் சக்கரம் பின்புறமாகச் சுழன்றால் நூல் சிக்கி அறும் என்பதால், கால் பழகாதவளுக்கு நூல் கொடுப்பதில்லை என்பது அத்தையின் சட்டம். எங்கள் பெரியவனுடைய பழைய கணக்கு நோட்டு ஒன்று முழுவதும் இந்தப் பயிற்சிக்குப் பலியாயிற்று.

கண் தெரியாதவர் எப்படிக் கற்பித்தார் என்று கேட்பீர்கள். அவர் காதால் பார்த்தார். சமையலறையில் குழாய் அருகே நின்றுகொண்டே, "ஷட்டில் காய்ஞ்சு கிடக்குது கண்ணு, ரெண்டு சொட்டு எண்ணெய் விடு" என்பார். தைத்த துணியை வாங்கி அடிப்பக்கத்தை விரலால் வருடுவார். அங்கே நூல் சுருள் சுருளாக நின்றால், "மேல் நூல் தளர்ந்து போச்சு, திருகைக் கொஞ்சம் முடுக்கு" என்பார். மேல் நூலும் அடி நூலும் துணியின் நடு மத்தியில் சந்தித்துப் பின்னிக்கொள்ள வேண்டும். மேலேயும் முடிச்சு தெரியக் கூடாது, கீழேயும் தெரியக் கூடாது. தையல் இயந்திரத்தின் மகிமை யாவும் இந்தச் சந்திப்பில்தான் அடங்கியிருக்கிறது.

இயந்திரங்களைப் பற்றிக் காந்தியடிகளுக்கு இருந்த அபிப்பிராயம் எல்லாரும் அறிந்ததே. ஆனால் 1924-ஆம் வருஷம் தம்மைக் காண வந்த ஓர் இளைஞர் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டபோது, அவர் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார். மனைவி ஓயாமல் கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல், அவள்மேல் வைத்த அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்பது அவர் சொன்ன காரணம். சரித்திரக்காரர்கள் இந்தக் கதையை ஒப்புக்கொள்வதில்லை. ஐசக் சிங்கர் நாடக மேடையில் நடித்துத் திரிந்தவர். ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் வைத்திருந்தவர். அவர் காப்புரிமை பெற்றது 1851-இல். அதற்கு முன்பே 1846-இல், முனையில் காது உள்ள ஊசியும் இரட்டை நூலும் கொண்ட இயந்திரத்துக்கு ஈலியாஸ் ஹோ என்பவர் உரிமை பெற்றிருந்தார். பின்னால் வழக்காடிச் சிங்கரிடம் பணமும் வாங்கினார். ஆகவே சிங்கரைப் பற்றிக் காந்தியடிகள் கேள்விப்பட்டது தவறாக இருக்கலாம். தையலைப் பற்றி அவர் அறிந்தது தவறல்ல. விளக்கடியில் ஊசி பிடித்தவளின் கண்ணும் முதுகும் படும் பாடு அவருக்குத் தெரிந்திருந்தது.

* * *

சித்திரை மாதத்தில் சின்னவளுக்குப் பாவாடை சட்டை தைக்கத் துணிந்தேன். அவளுக்கு எட்டு வயது. கடையிலிருந்து வந்த பருத்தித் துணியை அத்தை உடனே வாங்கித் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டார். "நனைக்காம வெட்டுறவ ரெண்டாந்தரம் வெட்டுவா" என்பது அவருடைய வேதவாக்கு. துணி தைத்த பிறகு சுருங்குவதைவிட, வெட்டுவதற்கு முன்பே சுருங்கிவிடுவது புத்திசாலித்தனம் அல்லவா?

அளவு எடுப்பதிலும் ஒரு பாடம் காத்திருந்தது. சின்னவளை நிற்கவைத்து நாடாவைப் பிடித்தேன். இடது தோளைவிட வலது தோள் அரை அங்குலம் தாழ்ந்திருந்தது. பெற்று எட்டு வருஷம் வளர்த்தவளுக்குத் தெரியாத சங்கதியை ஒரு நாடா சொல்லிற்று. விசாரித்ததில், புத்தகப் பையை எப்போதும் வலது தோளிலேயே மாட்டிக்கொண்டு போகிறாள் என்று தெரிந்தது. அன்றே பைக்கு இரண்டு வார் வைத்தோம். குழந்தையை நாம் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் நாம் பார்ப்பது அது சாப்பிட்டதா, படித்ததா, தலை வாரிற்றா என்பவற்றைத்தான்.

பாவாடை ஒருவாறு நேராக வந்தது. சட்டையில்தான் வினை. கைத்துணிகள் இரண்டையும் ஒரே திசையில் வைத்து வெட்டிவிட்டேன். "அம்மா, எனக்கு ரெண்டும் இடது கையா?" என்று குழந்தை கேட்டாள். மிச்சத் துணியில் இன்னொரு கை வெட்டினேன். பூக்கள் அதில் மட்டும் தலைகீழாக மலர்ந்திருக்கும். அதை அழகு என்று அவள் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பாவாடையின் கீழ்ப் பகுதியில் மூன்று மடிப்புகள் பிடித்துத் தைக்கும்படி அத்தை சொன்னார். ஒவ்வொன்றும் முக்கால் அங்குல ஆழம். ஒரு மடிப்பைப் பிரித்தால் பாவாடை ஒன்றரை அங்குலம் நீளும். வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டே போகலாம். நம் பாட்டிமார் பட்டுப் பாவாடைகளில் இப்படித்தான் வரப்போகும் வருஷங்களை முன்கூட்டியே மடித்து வைத்தார்கள். கடையில் தைத்து விற்கும் பாவாடைகளில் இதை அதிகம் காண முடியாது. குழந்தை வளர்ந்தால் கடைக்காரருக்கு இன்னொரு பாவாடை விற்குமே, அவர் ஏன் மடிப்பு வைக்க வேண்டும்?

* * *

இனிச் சொல்லப்போவது அவ்வளவு சந்தோஷமான விஷயம் அல்ல. ஆனாலும் கணக்கு என்றால் செலவையும் எழுதத்தான் வேண்டும்.

ஆடி மாதம் பெரியவனுக்குப் பதினான்கு வயது நிறைந்தது. பிறந்தநாளன்று சீருடை இல்லாமல் வண்ணச் சட்டை போட்டுவரப் பள்ளிக்கூடத்தில் அனுமதி உண்டு. அவனுக்கு நீலக் கட்டம் போட்ட சட்டை தைத்தேன். காலர் வைத்த சட்டை தைத்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். உள்ளே விறைப்புத் துணி வைத்து, திருப்பி, முனையைக் குத்தி வெளியே எடுத்து, கழுத்துப் பட்டியோடு பொருத்த வேண்டும். ஏழு காஜாக்களையும் கையாலேயே கட்டினேன். நான்கு இரவுகள் ஆயின. காலையில் போட்டுக்கொண்டு போனான். மாலையில், "சட்டை நல்லா இருந்ததா?" என்று கேட்டேன். "இருந்தது அம்மா" என்றான். அதற்குப் பிறகு அந்தச் சட்டையை நான் கொடியில் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து, மெத்தையைப் புரட்டி வெயிலில் போடப் போனபோது, அடியில் நீலக் கட்டம் தெரிந்தது. சின்னவள் உடனே சாட்சி சொன்னாள்: "அண்ணன் காலர்லே ஒரு காது தூக்கிக்கிட்டு நிக்குதுன்னு எல்லாரும் சிரிச்சாங்களாம்மா."

அன்று இரவு பெரியவனிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுதப் போவதில்லை. நான்கு இரவுக் களைப்பு, பத்து நாள் பொய், தையலில் எனக்கே இருந்த சந்தேகம் ஆகிய மூன்றும் சேர்ந்து அந்த வார்த்தையைக் கூராக்கிவிட்டன. அவன் பதில் பேசவில்லை. அடுத்த இரண்டு நாளும் என்னோடு பேசவே இல்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டான். போதும் என்பதைக் கையால் காட்டினான்.

மூன்றாம் நாள் அத்தை சட்டையைக் கேட்டு வாங்கினார். காலர் முனைகள் இரண்டையும் விரல்களுக்கு இடையில் பிடித்து ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தார். "வலப்பக்க முனை கால் அங்குலம் நீளம் கண்ணு. பையன் மேலே கோவிச்சுக்காதே, காலர் மேலே கோவிச்சுக்கோ" என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "உன் வீட்டுக்காரன் பத்தாவது படிக்கையிலே, நான் தைச்ச சட்டையைப் பையிலே சுருட்டி வச்சிட்டு, ஸ்நேகிதன் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போட்டோ எடுத்துக்கிட்டான். அதை ஒத்துக்கவே பதினைஞ்சு வருஷம் ஆச்சு" என்றார். கூடத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த என் கணவர் அந்தச் சமயம் பார்த்துப் பத்திரிகையை முகத்துக்கு இன்னும் நெருக்கமாகப் பிடித்துக்கொண்டார்.

சபதத்திலிருந்து பெரியவனை விடுவித்தேன். அவன் தன் பிறந்தநாள் பணத்தில், காலர் இல்லாத பனியன் சட்டை ஒன்று வாங்கி வந்தான். விலை 199 ரூபாய்.

* * *

ஐப்பசி மழையோடு தையல் ஓய்ந்து பின்னல் தொடங்கிற்று. கோயமுத்தூரில் கம்பளிச் சட்டையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கக்கூடும். மார்கழி விடியலில் வீசும் காற்று வயதானவர்களை எப்படி நடுக்கும் என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். சட்டை அத்தைக்காக.

அத்தை சிறுமியாகக் குன்னூரில் வளர்ந்தவர்; பின்னல் அங்கே கற்றது. பின்னலில் அடிப்படை வித்தைகள் இரண்டே: நேர்க் கண்ணி, எதிர்க் கண்ணி. நேர்க் கண்ணியின் முகம் வழுவழுப்பாக இருக்கும். எதிர்க் கண்ணியின் முகத்தில் சின்ன மேடு தட்டும். ஆகையால் பின்னுகிறவளுக்கு விரலே கண். தையலில் எனக்கு வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டிருந்த அத்தை, பின்னல் ஊசிகளைக் கையில் எடுத்ததும் வேறு மனுஷியாகிவிட்டார். பார்வை போன பிறகு முதல் தடவையாக அவர் தாமே ஒரு வேலையைச் செய்வதைப் பார்த்தேன். கைகள் இரண்டையும் அவர் பின்னுவது, உடலை நான் பின்னுவது என்று பாகம் பிரித்துக்கொண்டோம்.

ஒரு நாள் பெரியவனின் பனியன் சட்டை அவர் கையில் அகப்பட்டது. உள்ளும் புறமும் தடவிப் பார்த்தார். "இதுவும் பின்னல்தான் கண்ணு. வெளியிலே நேர்க் கண்ணி, உள்ளே எதிர்க் கண்ணி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அத்தை பின்னும் அதே கண்ணிகள்தாம், கடுகைவிடச் சிறியவை. 1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னுவதற்கு ஒரு பொறி செய்தார். முதலாம் எலிஸபெத் ராணி அதற்கு உரிமை தர மறுத்துவிட்டார். அந்தப் பொறியின் வம்சம் பெருகித்தான் இன்று நம் பக்கத்துத் திருப்பூரில் இரவும் பகலும் பின்னிக்கொண்டிருக்கிறது.

பிறகு தையல்களைப் பார்த்தேன். தோள், கழுத்துப் பட்டி, கைகள், பக்கவாட்டு, அடி ஓரம் என்று ஒவ்வொன்றும் பிசகாமல் ஓடின. இவற்றை ஒருவரே தைப்பதில்லை. வரிசையாகப் போட்ட இயந்திரங்களில் ஒருத்தி தோளை மூட்டுவாள். அடுத்தவள் கழுத்துப் பட்டி வைப்பாள். இன்னொருத்தி கையை இணைப்பாள். வேறொருத்தி பிசிறு நூலை வெட்டுவாள். பரிசோதிப்பவள் பிசகு கண்டால் திருப்பி அனுப்புவாள். என் காலர் போன்ற ஒன்று அங்கே போயிருந்தால் வாசலைத் தாண்டியிராது. இத்தனை கைகள் பட்ட சட்டைக்கு 199 ரூபாய். அதில் துணி, சாயம், மின்சாரம், பார வண்டி, கடை வாடகை யாவும் போக, அந்தக் கைகளுக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும்? நான்கு இரவுகள் உழைத்துக் கோணல் காலர் தைத்தவளுக்குத்தான் இந்தக் கேள்வி கேட்கத் தோன்றுகிறது. போன வருஷம் வரை நான் கேட்டதெல்லாம், "இன்னும் குறைக்க மாட்டீர்களா?" என்ற ஒரே கேள்விதான்.

* * *

கம்பளிச் சட்டையிலும் பிசகு நேர்ந்தது. அத்தைக்குச் சட்டையின் சுற்றளவு 36 அங்குலம் வேண்டும். அங்குலத்துக்கு ஐந்து கண்ணி என்று கணக்கிட்டு 180 கண்ணிகள் ஏற்றினேன். முதலில் உள்ளங்கை அகலத்துக்கு மாதிரி ஒன்று பின்னி அளந்து பார் என்று அத்தை சொல்லியிருந்தார். அவசரத்தில் நான் அதைச் செய்யவில்லை. நீலகிரியில் தோடர் பெண்கள் பூத்துக்குளி என்னும் போர்வையில் கறுப்பும் சிவப்புமாகப் பூத்தையல் போடுவார்கள். துணியில் எதுவும் வரைந்துகொள்வதில்லை. இழைகளை எண்ணி எண்ணியே போடுகிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது. அவர்களுக்கு எண்ணிக்கையே சித்திரம். எனக்கோ எண்ணிக்கையே சத்துரு.

ஆறு அங்குல உயரம் பின்னிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியவன் தன் அளவுகோலை எடுத்துவந்து பின்னலின் மேல் வைத்தான். கேட்காமலே வந்தான். "அம்மா, அங்குலத்துக்கு அஞ்சு வரலே, நாலரைதான் வருது. நூத்தி எண்பதை நாலரையாலே வகுத்தா நாற்பது. நாலு அங்குலம் அதிகம்" என்றான். அங்குலத்தில் அரைக் கண்ணிப் பிசகு சட்டையில் நான்கு அங்குலமாக வளர்ந்திருந்தது. 162 கண்ணிகளே போதும் என்றும் அவனே கணக்குப் போட்டுச் சொன்னான்.

பதினைந்து நாள் வேலையைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. அத்தை ஊசியை உருவிவிட்டு நூல் முனையைப் பெரியவனிடம் கொடுத்தார். அவன் இழுக்க இழுக்க, வரிசை வரிசையாகப் பின்னல் கரைந்து, நூல் முழுவதும் அவன் கைகளில் திரும்பிச் சேர்ந்தது. ஓர் இழைகூடச் சேதமில்லை.

"கத்தரி மன்னிக்காது கண்ணு. கம்பளி மன்னிக்கும்" என்றார் அத்தை.

ஆடி மாதத்து வார்த்தையை அவர் நினைத்துச் சொன்னாரோ, நூலை மட்டும் நினைத்துச் சொன்னாரோ, அறியேன். நான் அதைத்தான் நினைத்தேன். பெரியவன் குனிந்த தலை நிமிராமல் நூலை உருண்டையாகச் சுற்றிக்கொண்டிருந்தான். வெட்டிய துணியை மறுபடி ஒட்டவைக்க முடியாது. வேண்டுமானால் ஒட்டுப் போடலாம், ஒட்டுத் தெரியத்தான் செய்யும். "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா" என்றேன். "காலர் கோணல்தானே அம்மா" என்றான். அதற்குமேல் நாங்கள் பேசவில்லை. மறுநாள் முதல் வரிசைகளை எண்ணும் உத்தியோகத்தை அவன் ஏற்றுக்கொண்டான். சட்டை மார்கழி எட்டாம் தேதி முடிந்தது. கைகள் இரண்டிலும் ஒரு பிசகு இல்லை. உடலைப் பற்றி விசாரிக்க வேண்டாம்.

* * *

போகிக்கு முதல் நாள் என் கணவர் கணக்கு நோட்டைப் புரட்டினார். துணி 6,840 ரூபாய். நூல், ஊசி, இயந்திரத்தின் தோல் வார், கொக்கி, பொத்தான் வகையில் 1,120. கம்பளி 1,350. ஆக மொத்தம் 9,310 ரூபாய். இதே சாமான்களைக் கடையில் வாங்கியிருந்தால் 8,400 ரூபாய் ஆகியிருக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் விலை போட்டு வைத்திருந்தார். "தொள்ளாயிரத்துப் பத்து ரூபாய் நஷ்டம். உன் கூலியைச் சேர்க்கவில்லை" என்றார்.

கைத்தையல் குடும்பத்துக்குச் சிக்கனம் என்று யாராவது எழுதினால், சகோதரிகளே, நம்ப வேண்டாம். இந்த வருஷமும் எல்லாவற்றையும் நானே தைப்பேன் என்று சபதம் செய்யப் போவதில்லை. பெரியவனுக்குக் கடைச் சட்டைதான். ஆனால் வாங்கும்போது சட்டையை உட்புறம் திருப்பித் தையலைப் பார்க்கிறேன், விலையைக் குறைக்கச் சொல்லி வாதாடுவதில்லை, கிழிந்தால் எறிவதில்லை. 910 ரூபாய்க்கு இதைவிட மலிவாக இந்தப் படிப்பு எங்கும் கிடைக்காது.

பொங்கலன்று காலை சின்னவள் சித்திரைப் பாவாடையைக் கட்டிக்கொண்டாள். கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. அவிழ்த்து வாங்கி, அடி மடிப்பைப் பிரித்தேன். துவைத்துத் துவைத்து வெளுத்த துணியின் நடுவே, மடிப்புக்குள் ஒளிந்திருந்த பகுதி வாங்கிய அன்று இருந்த கருஞ்சிவப்பில் ஒரு கோடாகத் தெரிந்தது. "இங்கே மட்டும் புதுசா இருக்குது அப்பத்தா!" என்று குழந்தை அத்தையிடம் ஓடினாள்.

அத்தை அந்தக் கோட்டைப் பார்க்க முடியாது. பிரித்த தையலின் ஊசித் துளைகள் வரிசையாக இருந்த இடத்தை விரலால் தடவினார். பிறகு விரல் மெதுவாக மேலே நகர்ந்து, பிரிக்காத மடிப்புகளைத் தொட்டு எண்ணிற்று.

"இன்னும் ரெண்டு இருக்குது" என்றார்.